ஐந்து கேசட்டும் ஒரு விமானத் தொழிற்சாலையும்

பெரம்பலூரில் எங்கள் தெருவில் இருந்த அத்தனை பேருக்கும் ரஷ்யாவில் உள்ள ஒரு விமானத் தொழிற்சாலையின் கதை தெரியும். அதை எந்தச் சதுப்பில் கட்டினார்கள், யுத்தத்தில் அது என்ன பாடுபட்டது, யுத்தம் முடிந்ததும் விமானத்துக்குப் பதிலாக என்னத்தைச் செய்தார்கள் என்று டீக்கடையில் கேட்டால்கூடச் சொல்லுவார்கள். அந்தத் தொழிற்சாலைக்குப் போயிருந்தவர் என் புருஷன். அவரைப் பற்றித்தான் எனக்கு ஒன்றும் தெரியாது.

நான் கொள்ளிடக்கரைக்காரி. திருமழபாடியில் நந்தி கல்யாணம் பார்த்த பெண்ணுக்கு மறு வருஷத்துக்குள் மாலை விழும் என்பார்கள். எனக்கும் விழுந்தது. நந்திக்காவது கல்யாணத்துக்கு அப்புறம் பெண்டாட்டி பக்கத்தில் இருந்திருப்பாள். என் கதை வேறு. அவர் ஐ.டி.ஐ. படித்துவிட்டு மகாராஷ்டிரத்தில் விமானம் செய்யும் அரசுத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டராக இருந்தார். ரஷ்ய விமானம் ஒன்றை இங்கேயே செய்யப் போகிறார்கள், அதைக் கற்றுக்கொண்டு வர ஆட்களைப் பொறுக்கி அனுப்புகிறார்கள் என்று கல்யாணம் பேசும்போதே சொன்னார்கள். மாப்பிள்ளை ரஷ்யா போகப் போகிறார் என்பதைப் பெருமையாகத்தான் சொன்னார்கள். என் அப்பாவும் பெருமையாகத்தான் கேட்டுக்கொண்டார். நான் எங்கே இருப்பேன் என்று யாரும் கேட்கவில்லை.

கல்யாணமாகி இரண்டு மாதம்கூட நிறையவில்லை, புறப்பட்டுவிட்டார். அந்த நாட்களிலும் வீடு முழுக்க உறவுக்காரர்கள். பகலில் அவரோடு பேச முடியாது. ராத்திரியில் எனக்குக் கூச்சம், அவருக்கு அதைவிடக் கூச்சம். அரியலூர் ஸ்டேஷனுக்கு வண்டி கட்டிக்கொண்டு வழியனுப்பப் போனோம். பிளாட்பாரத்தில் அத்தையும் மாமாவும் தண்ணீர் பிடிக்கப் போன ஒரு நிமிஷத்தில், என் மனசுக்குள் கிடந்ததைக் கேட்டே விட்டேன்.

"திரும்பி வந்ததும் என்னையும் வடக்க கூட்டிக்கிட்டுப் போவீங்களா?"

அவர் பெட்டியின் பிடியைத் திருகிக்கொண்டே இருந்தார். "போயிட்டு வந்து பேசிக்கலாம்," என்றார். அதற்குள் மாமா கூஜாவோடு வந்துவிட்டார். ரயில் போனதும் மாட்டுவண்டியில் வைக்கோலின் மேல் உட்கார்ந்து பெரம்பலூர் வரைக்கும் அந்த ஒரு வாக்கியத்தையே புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். அதில் ஆம் இருக்கிறதா இல்லை இருக்கிறதா என்று எனக்குப் பிடிபடவில்லை.

அதற்குப் பிறகு என் வாழ்க்கை என்பது அந்த வீட்டின் சமையற்கட்டு, கிணற்றடி, சின்ன வெங்காயம் உரித்துக் காயப்போடும் பின்வாசல், இவ்வளவுதான். அத்தை கெட்டவர் இல்லை. ஆனால் பேச்சுக்காரரும் இல்லை. 'உப்பு எடு', 'மாட்டுக்குத் தண்ணி காட்டு' என்பதோடு ஒரு நாள் முடிந்துவிடும். மாமாவுக்குப் பேச்சு நிறைய உண்டு, அது முழுக்க வெளியே செலவாகிவிடும். என்னோடு மனம்விட்டுப் பேசியவர் லப்பைக்குடிக்காட்டிலிருந்து வந்து தெருக்கோடியில் குடியிருந்த அக்கா ஒருவர்தான். அவருடைய அண்ணன் பெரம்பலூரில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். அக்காவின் வீட்டுக்காரர் சவுதியில் இருந்தார். வருஷக்கணக்காகப் புருஷன் இல்லாமல் இருக்கிற வித்தையை அவரிடம்தான் பார்த்தேன். அந்த வித்தையில் முக்கால்வாசி டேப் ரிக்கார்டர்.

எங்கள் தெருவில் டேப் வைத்திருந்தது அக்கா ஒருவர்தான். வீட்டுக்காரர் சவுதியிலிருந்து கொண்டுவந்தது. கடிதம் எழுதிக் கை வலிப்பதைவிடப் பேசி அனுப்புவது லேசு என்று அங்கே இருப்பவர்கள் எல்லாம் கேசட்டில் பேசி ஊருக்குப் போகிற ஆள் கையில் கொடுத்துவிடுவார்கள். இவர்கள் அதே கேசட்டில் பதில் பேசித் திருப்பி அனுப்புவார்கள். ஒரே கேசட் தறியில் ஓடும் நாடா மாதிரி போகும், வரும்.

என் வீட்டுக்காரரிடமிருந்தும் கேசட்தான் வந்தது. பயிற்சி முடிந்து முன்னால் திரும்பிய ஒருவர் கொண்டுவந்து பம்பாயிலிருந்து தபாலில் போட்டிருந்தார். மாமா அதைத் தூக்கிக்கொண்டு நேராக அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். அக்கா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு டேப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். பேட்டரி போட்டால் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று கூடத்து பிளக்கில் சொருகினார். தெருவில் பாதிப் பேர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். நான் சமையற்கட்டு நிலைப்படியில் நின்றேன்.

"அப்பா, அம்மா, எல்லாரும் சௌக்கியமா? நான் சௌக்கியம்," என்று அவருடைய குரல் வந்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்தக் குரலை நான் அவ்வளவு நேரம் தொடர்ந்து கேட்டதே இல்லை. "இங்க என்ன வேலைன்னு சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. ஊரு பேரும் சொல்லக்கூடாது. அதனால இந்த பேக்டரி எப்படி வந்துச்சுன்னு சொல்றேன். அது சொல்லலாமாம். இங்க ஒரு மியூசியம் ரூம் இருக்கு, அதப் பாத்துக்கிற அம்மா சொன்னது."

கேசட் முழுக்கத் தொழிற்சாலைதான். முதலில் அது ஆற்றங்கரையில் ஒரு சதுப்பு நிலம். கொசுவும் நாணலும். மண்வெட்டியும் கூடையுமாக ஜனங்கள் வந்து வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தார்களாம். தங்குவதற்குப் பலகையால் அடித்த கொட்டகை, ஒரு கொட்டகையில் நாலு குடும்பம், நடுவில் போர்வையைத் திரையாகக் கட்டிக்கொள்வார்களாம். முதலில் செய்த விமானங்கள் மரத்தாலும் துணியாலும் ஆனவை. அந்தப் பனிநாட்டில் வளரும் பூர்ச்ச மரத்தைத் தகடு தகடாகச் சீவி ஒன்றின் மேல் ஒன்றாகப் பசை போட்டு ஒட்டி இறக்கை செய்வார்களாம்.

"மரத்துலயா?" என்றார் அத்தை. "அப்ப நம்ம ஊரு ஆசாரியே செஞ்சிருப்பாரே."

"அவ்வளவுதான், வெச்சிடுறேன்," என்று குரல் முடிந்தது. என் பெயரே வரவில்லை. எல்லோரும் ஒரு தடவை என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

பதில் பேச வேண்டுமே, எப்படி என்று மாமா கேட்டார். அக்கா விஷயம் தெரிந்தவராயிற்றே. "முன்பக்கம் அவங்களோடது மாமா. பின்பக்கம் நம்மளோடது. எங்க வூட்டு ஆளு எப்பவும் பின்பக்கத்த எனக்குன்னு விட்டுத்தான் அனுப்பும்," என்றார். கேசட்டைத் திருப்பிப் போட்டுச் சிவப்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அமுக்கினார். மாமா பேச ஆரம்பித்தார். பேசினார் என்று சொல்லக்கூடாது, கூப்பாடு போட்டார். ரஷ்யா தூரம் அல்லவா. மழை பெய்யாதது, வெங்காயம் விலை போகாதது, காளை மாடு கால் நொண்டுவது எல்லாவற்றையும் சொன்னார். நடுவில் ஒரு பெருமை வேறு: "நம்ம வூட்லயே டேப் இருக்குடா தம்பி, நீ எவ்வளவு வேணா பேசி அனுப்பு." அக்கா என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். பிறகு அத்தை. கடைசியில் டேப்பை என் பக்கம் நகர்த்தினார்கள். கூடத்தில் இருந்த அத்தனை கண்ணும் என் மேல்.

"நல்லா இருக்கேன். நீங்க ஒடம்பப் பாத்துக்குங்க," என்றேன்.

அக்கா பொத்தானை அமுக்கிவிட்டு டேப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாளே கேசட் பம்பாய்க்குப் போயிற்று, அங்கிருந்து ரஷ்யா போகிற ஆள் கையில் சேர. இன்னொரு தடவை அந்தக் குரலைக் கேட்க வேண்டும் என்று இருந்தது. யாரிடம் கேட்பது? புருஷன் குரலைக் கேட்க வேண்டும் என்று ஒரு மருமகள் வாய்விட்டுச் சொல்லுகிற காலமா அது?

இரண்டாவது கேசட் மழைக்காலத்தில் வந்தது. அதில் யுத்தம். மேற்கே, சண்டை நெருங்கிய ஊரில் இருந்த இன்னொரு தொழிற்சாலையை அப்படியே பிரித்து, இயந்திரங்களை ரயிலில் ஏற்றி இங்கே கொண்டுவந்து இறக்கினார்களாம். கட்டடத்துக்குக் கூரை போடும்வரை காத்திருக்கவில்லை. பனி கொட்டக் கொட்ட, வெறும் வானத்தின் கீழே இயந்திரங்களை ஓட்டினார்களாம். இரும்பைத் தொட்டால் கைத்தோல் ஒட்டிக்கொள்ளும், அதனால் துணி சுற்றிக்கொண்டு வேலை செய்தார்களாம். மாமாவுக்கு இந்தக் கட்டம் ரொம்பப் பிடித்துவிட்டது. பெரம்பலூர் வெயிலில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, துண்டை இழுத்துப் போர்த்தி நடுங்கிக் காட்டுவார். "என்னங்க, கூரை போட்டாச்சா இல்லையா?" என்று பஸ்ஸுக்கு நிற்பவர்கள் கேலி செய்வார்கள். அவருக்கு அது கேலியாகவே படாது. "அடுத்த கேசட்ல போட்டுருவாங்க," என்பார்.

நான் வேறு ஒரு கணக்குப் போட்டேன். இவருக்குச் சொல்ல அனுமதி இருப்பது தொழிற்சாலையின் பழைய கதை மட்டும்தான். கதை என்றால் முடிய வேண்டுமே. சதுப்பில் தொடங்கி யுத்தத்துக்கு வந்தாயிற்று. யுத்தமும் முடிந்து, இந்தக் காலம் வரைக்கும் வந்துவிட்டால் அப்புறம் சொல்ல என்ன இருக்கும்? அப்போது தன்னைப் பற்றித்தான் பேசியாக வேண்டும். என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை வரும். கூட்டிக்கொண்டு போவாரா மாட்டாரா என்று அப்போது தெரிந்துவிடும். உலகத்தில் எந்தப் பெண்ணும் ஒரு தொழிற்சாலையின் சரித்திரம் சீக்கிரம் முடிய வேண்டும் என்று மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருக்க மாட்டாள். நான் வேண்டிக்கொண்டேன்.

மூன்றாவது கேசட்டிலும் யுத்தம் முடிந்தபாடில்லை. ஆண்கள் எல்லாம் சண்டைக்குப் போய்விட்டார்கள், இறக்கை ஒட்டுகிற வேலை முழுக்கப் பெண்கள் கைக்கு வந்தது. மியூசியம் பார்த்துக்கொள்கிற அம்மாவும் அப்போது வயசுப் பெண்ணாம், இறக்கை ஒட்டியவராம். பசை வாடையில் தலை சுற்றும், வெளியே ஓடிப் பனியை எடுத்து முகத்தில் தேய்த்துக்கொண்டு மறுபடி வருவார்களாம்.

"இறக்கையோட மேல்பலகைய மூடுறதுக்கு முன்னாடி, அந்தப் பொம்பளைங்க உள்பக்கத்துல பென்சில்ல எழுதி வெச்சுருவாங்களாம்," என்றார் அவர். "வூட்டுக்காரரு பேரு, புள்ள பேரு, எப்ப வருவேன்னு ஒரு கேள்வி. அப்புறம் பசையப் போட்டு மூடிருவாங்க. அத யாரும் படிக்க முடியாது. ஆனா பிளேனோட பறக்கும்."

"யாரும் படிக்காதத என்னாத்துக்கு எழுதணும்?" என்றார் அத்தை.

அந்த ரஷ்யக்காரி எவ்வளவு கொடுத்துவைத்தவள் என்று நினைத்தேன். அவளுக்கு எழுத ஒரு பலகையாவது இருந்ததே. எனக்கு டேப் நகர்ந்து வந்தபோது, "நல்லா இருக்கேன். நீங்க ஒடம்பப் பாத்துக்குங்க," என்றுதான் சொன்னேன்.

அந்த வருஷம் தீபாவளிக்குத் திருமழபாடிக்கு என்னைத் தனியாக அனுப்பினார்கள். தலை தீபாவளிக்கும் அவர் இல்லை, அதற்கு அடுத்ததற்கும் இல்லை. அம்மா புது வேட்டி ஒன்றை எடுத்து வைத்திருந்து மறுபடி பெட்டிக்குள் வைத்தாள். கொள்ளிடத்தில் தண்ணீர் ஓரமாக ஓடியது. மணலில் நடந்து போய் உட்கார்ந்தேன். 'விசேஷம் உண்டா?' என்று கேட்காத வாய் எங்கள் ஊரில் கிடையாது. புருஷன் ரஷ்யாவில் இருக்கும்போது விசேஷம் எப்படி வரும் என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். கேலி பேசுவதற்கும் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது.

நாலாவது கேசட்டில் யுத்தம் முடிந்தே விட்டது. விமானம் வாங்க ஆள் இல்லை. அவ்வளவு பெரிய தொழிற்சாலையைச் சும்மா போடக்கூடாது என்று விமானத்துக்கு வைத்திருந்த அலுமினியத்தில் பாத்திரம் செய்தார்களாம். குண்டான், வாளி, கட்டில். அத்தை முதல்முறையாக டேப்பின் அருகில் நகர்ந்து உட்கார்ந்தார். "குண்டான் என்ன அளவாம்? பிடி வெச்சதா?" என்று டேப்பைப் பார்த்தே கேட்டார். பதில் பேசும்போதும் அத்தை வழக்கத்தைவிட நிறைய நேரம் எடுத்துக்கொண்டார், ஒரு குண்டான் கொண்டுவரச் சொல்லி. அதற்கப்புறம் என்னுடைய இரண்டு வாக்கியம்.

ஐந்தாவது கேசட் வந்தது. தொழிற்சாலை இந்தக் காலத்துக்கு வந்துகொண்டிருந்தது. மர விமானம் போய் இரும்பு மாதிரியான உலோக விமானம் வந்தது, மரம் சீவிய தச்சர்கள் எல்லாம் வயதான காலத்தில் மறுபடி முதலிலிருந்து உலோகத் தகட்டில் ரிவெட் ஆணி அடிக்கக் கற்றுக்கொண்டார்கள், சிலர் முடியாமல் வீட்டுக்குப் போய்விட்டார்கள். பிறகு இறக்கை பின்னால் சாய்ந்த வேக விமானங்கள். அவருடைய குரல் மெதுவாகிக்கொண்டே வந்தது.

"இதுக்கு மேல உள்ளது சொல்லக்கூடாது," என்றார். "கதை முடிஞ்சு போச்சு." அப்புறம் ஒரு இடைவெளி. நான் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டேன். இதோ வரப்போகிறது. "வேற சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. வெச்சிடுறேன்."

அவ்வளவுதான். ஒன்றரை வருஷம் நான் காத்திருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. அடுப்பில் சோறு பொங்கி வழிந்ததைக்கூட அக்காதான் ஓடிப்போய் இறக்கினார். மாமா பதில் பேச ஆரம்பித்தார். வெங்காயத்துக்கு அந்த வருஷம் நல்ல விலை, அதனால் கூப்பாடும் அதிகம். அத்தை இரண்டு வார்த்தை சொன்னார். என் பக்கம் டேப்பை நகர்த்தும்போது கரண்ட் போய்விட்டது. பெரம்பலூரில் அப்போது கரண்ட் போனால் எப்போது வரும் என்று தெரியாது. அக்கா கொஞ்ச நேரம் இருந்து பார்த்துவிட்டு டேப்பை எடுத்துக்கொண்டு போனார். நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்றார்கள். மறுநாள் தந்தி வந்தது, அவர் ஊருக்குத் திரும்புகிறார் என்று. இனி கேசட் எதற்கு என்று அத்தை அதைப் பீரோவில் சேலைகளுக்கு அடியில் போட்டுவிட்டார்.

அவர் வந்தார். மாமாவுக்குத் தகரத்தில் ஒரு பொம்மை விமானம், அத்தைக்குப் பிடி வைத்த அலுமினியக் குண்டான், எனக்குப் பூப்போட்ட கம்பளித் துணி. பெரம்பலூர் வெயிலில் அதை எங்கே போட்டுக்கொள்வது. முகம் வெளுத்து, இளைத்து இருந்தார். கேசட்டில் அவ்வளவு பேசிய மனிதர் வீட்டுக்கு வந்ததும் வாயைத் திறக்கவில்லை. நான் காபி கொடுத்தால் வாங்கிக்கொள்வார், என் முகத்தைப் பார்க்கமாட்டார். எனக்கும் ரோஷம் இருந்தது. ஒன்றரை வருஷத்தில் ஒரு வார்த்தை எனக்கென்று சொல்லாதவரிடம் நானாக ஏன் போய்க் கேட்க வேண்டும்?

லீவு முடிகிற சமயத்தில் அவரே சொன்னார். "நீ இங்கயே அம்மாவுக்கு ஒத்தாசையா இருந்துக்க. ஒனக்கும் அதான் பிடிக்கும்னு தோணுது."

"சரிங்க," என்றேன். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதால் அது கொஞ்சம் வெடுக்கென்று வந்திருக்கும். அவர் தலையை ஆட்டிக்கொண்டார், தான் நினைத்தது சரியாகப் போயிற்று என்பது போல. மறுபடியும் அரியலூர் ஸ்டேஷன். இந்தத் தடவை நான் எதுவும் கேட்கவில்லை.

அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை வந்துபோனார். அரியலூர்ப் பக்கம் சிமென்ட் வேலைக்கு லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போகத் தொடங்கியிருந்தன. என் வயசுப் பெண்கள் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பிள்ளைகளோடு போனார்கள். லப்பைக்குடிக்காட்டு அக்காவின் வீட்டுக்காரர் இரண்டு தடவை வந்துவிட்டுப் போய், மூன்றாவது தடவை வந்து மச்சானின் ஜவுளிக்கடையோடு தங்கியே விட்டார். என் வீட்டுக்காரர் இந்த நாட்டில்தான் இருந்தார், ஆனாலும் எனக்கு அவர் இன்னும் அந்தப் பனிக்குள்ளேயே இருந்தார். ராத்திரி படுத்தால், நான் என்ன குறை வைத்தேன் என்ற ஒரே கேள்விதான். அதைச் சொல்லி அழக்கூட ஆள் இல்லை என்பது அந்தக் கேள்வியைவிட மோசம்.

மாமா ஒரு பங்குனியில் நெஞ்சு வலியில் போய்விட்டார். டீக்கடையில்தான். என் வீட்டுக்காரர் வந்து கொள்ளி வைத்தார். காரியம் எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கலைந்த மறுநாள் மத்தியானம், அத்தை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் திடீரென்று சொன்னார். "அந்த மனுசன் போட்ட சத்தத்த ஒரு தடவ கேக்கணும் போல இருக்கு. பீரோவுல ஒரு கேசட்டு கெடக்குது பாரு."

அக்கா அதே பழைய டேப்போடு வந்தார். அதே பிளக். மொட்டைத் தலையோடு அவர் தூணோரம் உட்கார்ந்திருந்தார். நான் என் நிலைப்படியில். அக்கா கேசட்டின் பின்பக்கத்தைப் போட்டார்.

"தம்பி, சௌக்கியமா, நாங்க எல்லாரும் சௌக்கியம்," என்று மாமா கூப்பாடு போட்டார். அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். வெங்காய விலை, காளை மாடு, எல்லாம் வந்தது. அத்தையின் குரல் வந்தது. டக்கென்று ஒரு சத்தம், கரண்ட் போன இடம். அக்கா நிறுத்தக் கையை நீட்டினார். அதற்குள் வேறு குரல் பாதி வாக்கியத்திலிருந்து தொடங்கியது.

"...ஒனக்குப் புடிக்கலயோ என்னமோ. நாலு கேசட்லயும் பின்பக்கம் ஒனக்குன்னுதான் பேசுனேன். நீ நல்லா இருக்கேன்னு மட்டும் சொல்ற. அப்பா அம்மா முன்னாடி எப்படிப் பேசுவன்னு மொதல்ல நெனச்சேன். வரேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும், குவார்ட்டர்ஸுக்கு எழுதிக் குடுத்துருப்பேன். பாஷை தெரியாத ஊர்ல வந்து கெடக்கணுமேன்னு யோசிக்கிற போல. அதுல ஒண்ணும் தப்பு இல்ல. நான் கோவிச்சுக்க மாட்டேன். மியூசியம் அம்மா ஒன் போட்டோவப் பாத்துட்டு இந்தப் பொண்ணு என்ன சொல்லிச்சுன்னு கேட்டாங்க. இன்னும் எங்கிட்ட பேசலன்னு சொன்னேன். இதுதான் கடைசி. இனிமே கேட்டுத் தொந்தரவு பண்ண மாட்டேன். ஒடம்பப் பாத்துக்க."

அப்புறம் வெறும் இரைச்சல். கேசட் ஓடிக்கொண்டே இருந்தது, யாரும் நிறுத்தவில்லை.

"யா அல்லாஹ்," என்றார் அக்கா. "பின்பக்கம் நம்மளோடதுன்னு நான்தானே சொன்னேன். எல்லாத்துலயும் மேல மேல பேசி அழிச்சுட்டோமே தங்கச்சி. நான்தானே பொத்தான அமுக்குனேன்."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். கல்யாணம் ஆனதிலிருந்து அவ்வளவு நேராக என்னைப் பார்த்ததில்லை. "நீ கேக்கவே இல்லயா?"

"இல்லிங்க."

"ஒண்ணு கூடவா?"

"ஒண்ணு கூட இல்லிங்க. டேப்பு அக்காவோடது. அன்னிக்கே எடுத்துட்டுப் போயிருவாங்க."

"வூட்லயே டேப் இருக்குன்னாரே அப்பா. தனியா இருக்கறப்ப திருப்பிப் போட்டுக் கேட்டுருப்பன்னு நெனச்சேன்."

அத்தைக்கு அழுகையினூடே சிரிப்பு வந்துவிட்டது. "அவரு சொன்னத எல்லாம் நீ நம்புனியாடா," என்றார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இவள கூட்டிக்கிட்டுப் போ. நான் அரியலூர்ல என் தங்கச்சி வூட்ல இருந்துக்குவேன். வெங்காயம் உரிக்க ஆளு கெடைக்கும்," என்றார்.

"வரியா?" என்று அவர் கேட்டார், அத்தனை பேர் முன்னாலும்.

"வரேன்," என்றேன்.

குவார்ட்டர்ஸ் கிடைத்து நான் போக இன்னும் சில மாதங்கள் ஆயின. ரயில் அரியலூரைத் தாண்டியதும் நான் முதலில் கேட்டது, மற்ற நாலு கேசட்டிலும் பின்பக்கம் என்ன சொன்னீர்கள் என்பதுதான். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஏதேதோ சொன்னேன். குளிரு, சாப்பாடு. ஒன்னப் பத்தி. சரியா ஞாபகம் இல்ல," என்றார். பொய் சொல்லவில்லை. சதுப்பு, கூரையில்லாத கட்டடம், பசை வாடை எல்லாம் இன்றைக்கும் ஒன்று விடாமல் சொல்லுவார். அது மட்டும் அவருக்கு வரவில்லை. வருஷக்கணக்கில் கேட்டுப் பார்த்தேன். புதிதாக ஏதாவது சொல்லித் தேற்றுவார், நல்ல மனிதர். ஆனால் அது அப்போது சொன்னது ஆகாது.

வடக்கே அந்தக் குவார்ட்டர்ஸில் பாஷை தெரியாமல் பகல் முழுக்கத் தனியாக இருந்தேன். அவர் பயந்தது சரிதான். அந்த அலுமினியக் குண்டானில் பால் காய்ச்சிக்கொண்டே நினைத்துப் பார்ப்பேன். அந்த நாலு கேசட்டிலும் எல்லோரும் பேசி முடித்த பிறகு கடைசியாக, நல்லா இருக்கேன், ஒடம்பப் பாத்துக்குங்க என்று சொன்னது நான்தான். எனக்கென்று அவர் சொன்னதின் மேல் என் குரலும் ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஐந்தாவதில் மட்டும் நான் பேசுவதற்குள் கரண்ட் போய்விட்டது.